பாஸ்டரம்மாவின் கழுத்து

பாஸ்டரம்மா பிரசங்கத்தைக் காதால் கேட்டு நான் பார்த்ததில்லை. கழுத்தால்தான் கேட்பார். மேடையில் அவருடைய கணவர் பெரிய பாஸ்டர், "சிலபேருக்குப் பெருமை தலைக்கேறி நிற்கிறது" என்று ஆரம்பிப்பார். முதல் வரிசையில் குஷன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கழுத்து உடனே அசையும். தேர் தெருமுனையில் திரும்புகிற மாதிரி அவசரமே இல்லாமல் திரும்பும். கண் இரண்டாவது வரிசையைத் தடவிக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு வந்து ஒருவர் முகத்தில் நிற்கும். புருவம் லேசாக உயரும். 'கேட்டியா, உனக்குத்தான்' என்று அதற்கு அர்த்தம். சேதி போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகே கழுத்து மறுபடி மேடைப் பக்கம் போகும்.

பொறாமை என்றால் தையல்கடை ஸ்டெல்லா அக்கா. குடி என்றால் ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர். கோள் சொல்வது என்றால் மறுபடியும் ஸ்டெல்லா அக்கா. சோம்பல் என்றால் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற நான். எந்தப் பாவத்தின் பெயர் மேடையில் சொல்லப்பட்டாலும் அதற்குரிய விலாசம் அம்மாவிடம் இருந்தது. நாளடைவில் சபை முழுக்க ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாஸ்டர் ஒரு பாவத்தைச் சொன்னதும் யாரும் பாஸ்டரைப் பார்க்க மாட்டார்கள். அம்மா யாரைப் பார்க்கிறார் என்று அம்மாவைத்தான் பார்ப்பார்கள்.

இதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை தொடங்குவதற்கு வெகுமுன்பே கூட்டம் வந்துவிடும். மண்டபத்தில் இருந்த இரண்டு தூண்களின் மறைவில் இடம் பிடிப்பதற்கு அத்தனை போட்டி. வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பக்தியை நான் எங்கேயும் கண்டதில்லை என்று மேடையிலேயே கண் கலங்கினார்.

நான் அந்தச் சபைப் பிள்ளை. ஞாயிறு பள்ளியில் அம்மா கையால் கேக் வாங்கித் தின்று வளர்ந்தவன். வளர்ந்த பிறகு அவர்களிடமே வேலைக்குச் சேர்ந்தேன். பாஸ்டரின் பிரசங்கத்தைக் கேமராவில் எடுத்து, இருமலையும் தும்மலையும் வெட்டி, வெள்ளிக்கிழமை உள்ளூர் கேபிள் சேனலில் போடக் கொடுப்பது என் உத்தியோகம். கேமரா வழியாகப் பார்த்துப் பார்த்து அந்தக் கழுத்தை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அந்தக் கழுத்தில் ஒரு குந்துமணித் தங்கம் கிடையாது. நகை போடக்கூடாது என்பது எங்கள் சபையின் சட்டம். ஞானஸ்நானத்துக்கு வரும் பெண்கள் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். அம்மா அதில் கறார். கையில் கட்டியிருந்த தங்கக் கடிகாரம் நகை இல்லை, நேரம் பார்ப்பதற்கு. மூக்குக் கண்ணாடியின் தங்கச் சட்டம் நகை இல்லை, வேதம் வாசிப்பதற்கு. புடவை எப்போதும் வெள்ளைதான். ஆனால் அது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரரிடம் சொல்லிவைத்து நெய்கிற பட்டு. வெள்ளை உடம்பு, வெள்ளை பார்டர், உடம்பெல்லாம் வெள்ளையிலேயே சின்னச் சின்னப் புறா புட்டா. எட்டி நின்று பார்த்தால் நர்ஸ் கட்டுகிற சேலை. கிட்டே போனால் முகூர்த்தப் புடவை. அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஆடம்பரம் பற்றிப் பிரசங்கம் வந்தால், கழுத்து திரும்பி, தலையில் பிளாஸ்டிக் பூ கிளிப் வைத்திருக்கிற ஏதாவது ஒரு சின்னப் பெண்ணிடம் போய் நிற்கும்.

நடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. உலகத்தில் சொல்லப்படுகிற எந்தப் புத்திமதியும் தனக்கில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஒருமுறை டாக்டர் அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, சர்க்கரையை நிறுத்துங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். அம்மா வெளியே வந்து காரில் ஏறினார்.

"டிரைவர், டாக்டர் இன்னா சொல்றாரு தெரியுமா? டீல ஒரு கரண்டி சக்கரை போட்டாலும் உடம்பு கெட்டுப்பூடுமாம். நாளைலருந்து நீ நிறுத்திடு."

"எனக்கு சக்கரை வியாதி இல்லியேம்மா."

"வந்தப்பறம் நிறுத்தி இன்னாபா பிரயோஜனம்?"

டிரைவர் அன்றிலிருந்து சர்க்கரை இல்லாத டீதான் குடித்தார். அம்மா வீட்டில் அவருக்கு டீ கொடுக்கும்போது மறக்காமல் பார்த்துக்கொள்வார்கள். அம்மாவின் காப்பியில் எப்போதும்போல மூன்று கரண்டி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். என் அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் போனில் விசாரித்துக்கொண்டிருக்க, பாஸ்டரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். உட்கார இடமில்லை. அந்த வெள்ளைப் பட்டோடு வராந்தாத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்து, டாக்டர் வெளியே வரும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்தபோது புடவையின் பின்பக்கம் முழுக்க பினாயில் கறை. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகிற போக்கில் அடுத்த கட்டிலில் வலியால் துடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், "பொறுமை வேணும்மா, சும்மா கத்திக்கினு இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு அவர்மேல் இருந்த பிரியம் அந்த வராந்தாவில் வந்தது. இன்றுவரை போகவில்லை.

அந்த உள்ளூர் சேனலை நடத்தியவர் பாஷா பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில் சேனல். அதன் வாடகையும் கரண்ட்டும் எங்கள் வெள்ளிக்கிழமை பிரசங்க நேரத்துக்குச் சபை கொடுத்த பணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் பாய் என்னிடம், "ஊரு சிரிக்கிற மாதிரி ஒரு காமெடித் தொடர் எழுதிக் குடு நைனா. உனக்குத் தெரிஞ்ச விஷயமா எழுது, அப்பதான் நல்லா வரும்" என்றார். எனக்குத் தெரிந்த விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காரிலும் ஏசியிலும் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு எளிமையைப் போதிக்கிற ஒரு போதகர் குடும்பத்தைப் பற்றி எழுதினேன். 'அல்லேலூயா அண்ட் சன்ஸ்' என்று பெயர் வைத்தோம். எழுதியது நான் என்று எங்கேயும் போட வேண்டாம் என்று பாயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

தொடரில் வரும் தாயார் வேடத்துக்குப் பெண்கள் யாரும் சம்மதிக்கவில்லை. பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து ஒரு கூத்துக் கலைஞர் வந்தார். காலமெல்லாம் திரௌபதி வேஷம் கட்டியவர். மீசையை எடுத்துவிட்டு, வெள்ளைப் புடவை கட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தோத்திரம் பிரதர்" என்று அவர் தலையைச் சாய்த்ததும் பாய் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

முதல் சனிக்கிழமை ஒளிபரப்பானது. அடுத்த நாள் ஆராதனைக்கு வேலையை ராஜினாமா செய்கிற மனநிலையில் போனேன். அம்மா தூரத்திலிருந்தே கையைக் காட்டி அழைத்தார்.

"தம்பி, நேத்து கேபிள்ல அந்த நாடகம் பாத்தியா?"

நான் கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"நான் சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுது. அப்படியே வந்தவாசி ரோட்டுக்காரங்க. ஒரு புள்ளி கூட மாத்தல."

வந்தவாசி ரோட்டில் ஒரு சபை நடத்திய இன்னொரு குடும்பம் அம்மாவுக்கு ஆகாது. அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை ஆனால் வீட்டில் டிவியின் முன்னால் முதல் ஆளாக அம்மாதான். சிரிப்பதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எனக்குக் கதையும் கொடுக்க ஆரம்பித்தார். சேனலில் எனக்குப் பழக்கம் இருக்கிறதாம், நான் அவர்களிடம் சொல்ல வேண்டுமாம்.

"உபவாசம்னா அவங்க வூட்ல இன்னா நடக்குது தெரியுமா? காலைல மாதுளை ஜூஸு. மத்தியானம் ஆப்பிள் ஜூஸு. சாயங்காலம் ஆட்டுக்கால் சூப்பு. மென்னு தின்னாத்தான் சாப்பாடுன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. இதை எழுதச் சொல்லுபா."

அந்த ஆட்டுக்கால் சூப் பிளாஸ்கை அம்மா வீட்டு அடுப்படியிலிருந்து மேடைக்குப் பின்னால் எத்தனையோ உபவாச நாளில் நானே தூக்கிப் போயிருக்கிறேன். முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் தலையாட்டினேன். காரில் முன் சீட்டு யாருக்கு என்று பெரிய பாஸ்டரும் அவர் பிள்ளையும் போடுகிற சண்டையும், காணிக்கைப் பாட்டு நீளவில்லை என்று பாடகர்களைத் திட்டுகிறதும் அம்மா வாயால் அப்படியே வந்தவாசி ரோட்டுக்குப் போய்த் தொடருக்குள் வந்து விழுந்தன. நான் கற்பனை செய்வதையே விட்டுவிட்டேன். தாமல்காரருக்கு ஊரில் ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

வினை புடவையில் வந்தது. தாமல்காரர் கட்டியிருந்த பாலியெஸ்டர் சேலை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"அந்தக் குடும்பத்துப் பொம்பள இதைக் கையாலயும் தொட மாட்டா. பாக்கறவங்க நம்ப வேணாமா? என்னுது பழசு ஒண்ணு இருக்குது, குடுத்தனுப்பறேன். துவைச்சுத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். புறா புட்டா போட்ட வெள்ளைப் பட்டு தாமல்காரர் உடம்பில் ஏறியது. நேரில் பார்த்தால் தெரியாத புறாக்கள், பாய் புதிதாக வாங்கிப் போட்டிருந்த விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. எங்கள் காஞ்சிபுரத்துப் பெண்கள் முகத்தை மறந்தாலும் மறப்பார்கள், புடவையை மறக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் சபையின் வாட்ஸ்அப் குழுவில் தாமல்காரரின் படமும், ஈஸ்டர் ஆராதனையில் எடுத்த அம்மாவின் படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. கீழே யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. சிரிக்கிற பொம்மைகள் மட்டும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

அம்மாவின் மகன் சின்ன பாஸ்டர் அன்றே என்னை அழைத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் பேசினார்.

"பிரதர், இது நம்ம ஃபேமிலியப் பத்தின்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படி இருந்ததுன்னா வெள்ளிக்கிழமை புரோகிராம கேன்சல் பண்ணிடுவேன். அந்த சேனலே இருக்காது. எழுதறவன் யாருன்னு கண்டுபிடிச்சு அவனையும் வுட மாட்டேன்."

பாயின் சேனல், என் சம்பளம், தாமல்காரருக்குக் கடைசிக் காலத்தில் கிடைத்த கைதட்டல் எல்லாம் அந்த நிமிடம் அந்தரத்தில் தொங்கின. உள்ளே இருந்து அம்மா வந்தார்.

"இன்னாடா தெரியும் உனக்கு? ஒரு வாரமாச்சும் அதைப் பாத்திருக்கியா? வாராவாரம் பாக்கறவ நானு. புடவை நான் குடுத்தது. அடுத்த வாரத்துது கொண்டாரச் சொல்லு. பாத்துட்டு நான் சொல்றேன் அது யாருன்னு."

அம்மா சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஆனால் அடுத்த வாரத்துப் பகுதியை ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தோம். அதில்தான் கழுத்து இருந்தது. தாமல்காரர் எங்கள் சபைக்கு ஒருநாள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய், நான் எழுதாமலேயே அதைச் சேர்த்திருந்தார்.

சனிக்கிழமை பகலில் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஹாலில் சோபாவில் அம்மா. ஒருபக்கம் பெரிய பாஸ்டர், இன்னொரு பக்கம் சின்ன பாஸ்டர். நான் சோபாவுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றேன். படம் ஓடியது. அம்மா வழக்கம்போலச் சிரித்தார். சூப் வந்தபோது பெரிய பாஸ்டருக்கு இருமல் வந்தது. பிறகு அந்தக் காட்சி வந்தது. தொடரில் வரும் போதகர், "சிலபேர் அடுத்தவனுடைய குற்றத்தையே பார்க்கிறார்கள்" என்று மேடையில் முழங்குகிறார். முதல் வரிசையில் புறாப் புடவையோடு தாமல்காரர். அவருடைய கழுத்து வெடுக்கென்று பின்னால் வெட்டித் திரும்புகிறது. புருவம் உயர்கிறது.

அதே நொடியில் சோபாவில் அம்மாவின் கழுத்தும் திரும்பியது. பழக்கம். அந்தப் பிரசங்கம் யாருக்கு என்று பார்ப்பதற்குத் திரும்பிவிட்டார். பின்னால் மூன்றாவது வரிசை இல்லை. நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

அவர் புருவம் பாதி உயர்ந்து அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது, எல்லாம் இருந்திருக்க வேண்டும். மெதுவாக டிவியைப் பார்த்தார். சின்ன பாஸ்டர் ரிமோட்டை அமுக்கி நிறுத்தியிருந்த படத்தில் தாமல்காரரின் புருவமும் பாதியில் நின்றிருந்தது. மறுபடி என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முதுகைத் தடவியவர் முகம் அது.

"சொல்லும்மா, இது நம்ம வூடுதானே?" என்றார் சின்ன பாஸ்டர்.

அம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்ம வூடா? உனக்கு புத்தி இருக்குதா? நம்ம வூட்ல யாருடா இப்படி இருக்கறது? இது சாட்சாத் வந்தவாசி ரோட்டுக்காரங்க. ஓடிக்கினு போட்டும் வுடு."

அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் சொன்னதையெல்லாம் அவர் நம்பித்தான் சொன்னார்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னாலேயே வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய கேக் துண்டு. கொடுத்துவிட்டு நின்றார்.

"அந்த ஆளு கழுத்தை இன்னாபா அப்படி வெடுக்குன்னு வெட்டறான்? நான் அவ்ளோ வேகமாவா திருப்பறேன்?"

"இல்லம்மா. நீங்க மெதுவாதான் திருப்புவீங்க."

"அதை அவன்கிட்ட சொல்லு." உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஜனங்க சிரிக்கறாங்களா?"

"சிரிக்கறாங்கம்மா."

"ஸ்டெல்லாவுமா?"

கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி, போ" என்றார்.

தாமல்காரரிடம் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு கழுத்தை நிதானமாகத் திருப்பினார். முன்பைவிட இரண்டு மடங்கு சிரிப்பு வந்தது. திரௌபதிக்கு இந்த நிதானம் ஆகாது, இது தொழில் தெரிந்த ஒரு பொம்பளை சொன்ன யோசனை என்று அவர் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் சொன்னது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

நான் கேக் வாங்கி வந்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் வரிசையின் குஷன் நாற்காலி காலியாக இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போல என்று ஜனங்கள் கிசுகிசுத்தார்கள். தூண் மறைவில் இருந்தவர்கள்கூட வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். பெரிய பாஸ்டர் அன்று மாயக்காரர்களைப் பற்றி, வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கிறவர்களைப் பற்றிப் பேசினார். அவர் வருஷத்துக்குச் சில தடவை பேசுகிற பிரசங்கம்தான், யாரையும் மனதில் வைத்துப் பேசியதில்லை. "மாயக்காரரே" என்று குரலை உயர்த்தினார். சபைக்குப் பழக்கம் விடவில்லை. எல்லாக் கண்களும் முதல் வரிசைக்குப் போய், அங்கே கழுத்தைக் காணாமல் திகைத்தன. பிறகு ஒவ்வொரு தலையாக அவரைத் தேடிப் பின்னால் திரும்பியது.

அம்மா கடைசி வரிசையில், தண்ணீர் கேன் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான். நானும் கேமராவை அங்கே திருப்பினேன். அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. மூன்றாவது வரிசையில் ஸ்டெல்லா அக்கா எழுந்தே நின்றுவிட்டார். மேடையில் பெரிய பாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"இன்னாபா எல்லாரும் இங்க பாத்துக்கினு?" என்றார் அம்மா. "முன்னாடி திரும்புங்க. அவரு எனக்குத்தான் சொல்றாரு. ஸ்டெல்லா, நீ குந்துமா."

ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்தார். அவர் சாய்ந்து உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். தலைகள் ஒவ்வொன்றாக முன்னால் திரும்பின. பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தார். சின்ன பாஸ்டர் மேடை ஓரத்திலிருந்து, கேமராவை அணை என்று எனக்குச் சைகை காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிரசங்கம் தொடர்ந்தது. அடுத்து நாவடக்கம் இல்லாதவர்களைப் பற்றி வந்தது. கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கழுத்து அசைந்தது. நிதானமாக, தேர் தெருமுனையில் திரும்புகிற மாதிரி, பக்கத்தில் நின்ற டிரைவரை நோக்கித் திரும்பத் தொடங்கியது. டிரைவர் நிமிர்ந்து நின்று தயாரானார். பாதி வழியில் கழுத்து நின்றது. அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. மெல்ல அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். புறாக்கள் போட்ட முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, யாருக்கும் கேட்காமல் சிரித்தார்.